பூங்கொடிக்கு மட்டும்

எங்கள் ஊர் திருப்பூருக்கு வடக்கே நெருப்பெரிச்சல். ஊர்ப் பெயரிலேயே எரிச்சல் இருக்கிறதே என்று வெளியூர்க்காரர்கள் கிண்டல் செய்வார்கள். நான் ஏழாம் வகுப்புப் படித்த வருடம் அந்த எரிச்சல் முழுவதும் என் வயிற்றில்தான் இருந்தது. காரணம், பூங்கொடி.

அதற்கு முன்பு பூங்கொடி என்று ஒருத்தி எங்கள் வகுப்பில் இருப்பதே எனக்கு உறைத்ததில்லை. கடைசி பெஞ்சில் சுவரோரமாக உட்காருவாள். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் பேசாமல் இருப்பாள். ஆண்டு விழா நாடகத்தில் அவளுக்கு மரம் வேஷம் கிடைக்கும், அல்லது திரைக் கயிறு இழுக்கும் வேலை கிடைக்கும். எனக்கு வருடா வருடம் பாரத மாதா. நான் நடித்துக் கிழித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. பாரத மாதாவுக்கு வசனமே கிடையாது, கையில் கொடியோடு அசையாமல் நிற்கவேண்டும், அவ்வளவுதான். நான் சிவப்பாக இருந்தேன். எங்கள் பெண்கள் பள்ளிக்கு அது போதுமானதாக இருந்தது.

என் நிறம் எங்கள் வீட்டில் ஒரு சொத்து மாதிரி. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அம்மா கடலைமாவும் கஸ்தூரி மஞ்சளும் குழைத்து என் முகத்தில் அப்பி, காயும்வரை வாயைத் திறக்கக்கூடாது என்று உட்கார்த்திவைப்பாள். வெயிலில் விளையாடினால் திட்டு. விசேஷ வீட்டில் யாராவது “பொண்ணு நல்ல கலரு” என்று சொல்லிவிட்டால் அன்று முழுக்க அம்மாவின் நடையே வேறாக இருக்கும். அண்ணன் என்னைவிட ஒரு மாற்றுக் கம்மி, அதில் அவனுக்கு என்மேல் கடுப்பு. அப்பா மட்டும் இந்தப் பேச்சில் கலந்துகொள்ள மாட்டார். வீட்டுக்குக் கீழேயே அவருடைய பனியன் கம்பெனி. கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, சில தையல் மெஷின்களும் ஒரு கட்டிங் மேசையும்தான். நிறம் என்றால் அவருக்குத் துணியின் நிறம். ஷேடு கொஞ்சம் மாறினாலும் சரக்கு திரும்பி வந்துவிடுமே என்பதுதான் அவர் கவலை.

அந்த வருடம் புதிதாக வந்த சமூக அறிவியல் டீச்சர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத்தான் பாடம் நடத்துவார். தென்னாப்பிரிக்கா என்று ஒரு நாடு, அங்கே வெள்ளைக்காரர்களுக்குத் தனி பஸ், கறுப்பர்களுக்குத் தனி பஸ், பூங்காவில் தனித்தனி பெஞ்சு, தபால் ஆபீசில் தனித்தனி வாசல், கடலில்கூடக் குளிக்கிற இடம் வேறு வேறு என்று ஆரம்பித்தார். கறுப்பர்கள் சொந்த நாட்டில் நடமாடுவதற்கே கையில் ஒரு பாஸ் வைத்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஜெயில். அதை எதிர்த்து அப்பன், மகன், பேரன் என்று தலைமுறை தலைமுறையாகப் போராடினார்கள். பாஸைக் கொளுத்தினார்கள், சுடப்பட்டார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடத் தெருவில் இறங்கினார்கள். கடைசியில் ஒரு நாள் எல்லோரும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். கடலுக்கு நடுவில் எப்படி டீச்சர் கோடு போட்டாங்க என்று ஒருத்தி கேட்டாள். நான் அழுதேவிட்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அம்மாவும் அரிசி களைந்துகொண்டே, “பாவிக, அவுங்கெல்லாம் நல்லா இருப்பாங்களா?” என்று சாபம் விட்டாள்.

பாடத்தின் முடிவில் டீச்சர், “நம்ம ஊர்ல இப்படி எதும் உண்டாட்டி?” என்று கேட்டார். “இல்லீங்க டீச்சர்” என்று வகுப்பே ஒரே குரலில் கத்தியது. என் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. பூங்கொடி மட்டும் குனிந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். இவ்வளவு உருக்கமான பாடத்தில்கூடக் கவனம் இல்லையே இவளுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பாடத்தையே டீச்சர் ஆண்டு விழாவுக்கு நாடகமாக எழுதிவிட்டார். நாடகம் முழுக்க ஒரே ஒரு தாயின் கதை. முதல் காட்சியில் அவள் இளம்பெண். கால் வலிக்கிறதென்று பூங்காவில் வெள்ளையர் பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறாள், போலீஸ் வந்து இழுத்துப்போகிறது. அப்புறம் பாஸைக் கொளுத்துகிறாள், ஜெயிலுக்குப் போகிறாள், மகனைப் பறிகொடுக்கிறாள். கடைசிக் காட்சியில் தலை நரைத்த கிழவியாக ஓட்டுப்போடும் வரிசையில் வந்து நிற்கிறாள். நரைமுடிக்கு எங்கள் கம்பெனியில் விழும் வெள்ளை கட்டிங் வேஸ்ட் துணியைத் திரித்து ஒட்டிக்கொள்ளலாம் என்று டீச்சர் சொன்னபோதே, அது என் தலைக்குத்தான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். எங்கள் வீட்டு வேஸ்ட் வேறு யார் தலைக்குப் போகும்?

டீச்சர் வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பூங்கொடியை எழுந்து நின்று வசனம் வாசிக்கச் சொன்னார். அவள் வாசித்தாள். “நான் உட்கார்ந்தால் இந்த மரப்பலகைக்கு என்ன கெட்டுவிடும்?” என்பது முதல் வசனம். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எனக்கு அந்தக் குரல் காதில் ஏறவே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் நிறம்தான். கறுப்பாக இருக்கிறாள், அதனால் வேஷம் அவளுக்குப் போய்விட்டது. “நீ போலீஸ்காரிட்டி, வெள்ளையா இருக்கேல்லா” என்று டீச்சர் என்னிடம் சொன்னார். வருடக்கணக்காக மாவும் மஞ்சளும் அப்பிக் காப்பாற்றிய நிறம் இப்படி என்னை நட்டாற்றில் விடும் என்று நான் நினைத்ததே இல்லை.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒத்திகையில் பூங்கொடியின் முழங்கையைப் பார்த்தால் பொறாமை, கழுத்தைப் பார்த்தால் பொறாமை. காலையில் எழுந்து ஒன்றும் செய்யாமலேயே அவள் கறுப்பாக இருந்தாள். பவுடர் வேண்டாம், மை வேண்டாம், அப்படியே மேடை ஏறலாம். வாங்கி வந்த வரம். நான் பள்ளி விட்டதும் மொட்டை மாடிக்குப் போய்ச் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வெயிலில் உட்கார ஆரம்பித்தேன். தோல் கறுப்பதற்குப் பதிலாகத் தக்காளி மாதிரி சிவந்ததுதான் மிச்சம். அம்மாவுக்கு உடனே மூக்கில் வியர்த்துவிட்டது. காதைப் பிடித்துக் கீழே இழுத்துவந்து தயிர் பூசினாள்.

அப்போதுதான் சித்தப்பாவின் ஞாபகம் வந்தது. அப்பாவின் தம்பியான அவர் ஒரு சாயப்பட்டறை லேப்பில் வேலை பார்த்தார், எங்களோடுதான் இருந்தார். தன்னுடைய வெளுத்துப்போன கறுப்புப் பேண்டுக்கு ஏற்றலாம் என்று ஒரு சின்னப் பிளாஸ்டிக் கவரில் கறுப்புச் சாயப்பொடி கொண்டுவந்து பரண்மேல் வைத்திருந்தார். திருப்பூர்ப் பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்? வண்டி வண்டியாக வெள்ளைத் துணி உள்ளே போய்க் கறுப்பாக வெளியே வருவதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். துணிக்கு ஏறுவது தோலுக்கு ஏறாதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா காங்கேயத்துக்குக் கல்யாணத்துக்குப் போன நேரம் பார்த்து, குளியலறையில் பொடியைத் தண்ணீரில் கலக்கி முகம், கழுத்து, கை, கால் என்று ஒரு இடம் விடாமல் பூசினேன். கடலைமாவுக்குக் காத்திருப்பதுபோலவே வாயைத் திறக்காமல் காயும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு அலசிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். நீலம். அதுவும் ஒரே சீரான நீலம் இல்லை. கன்னத்தில் திட்டுத்திட்டாக, நெற்றியில் வழிந்த கோடுகளாக, கையில் ஒரு மாதிரி, காலில் ஒரு மாதிரி. சோப்புப் போட்டுத் தேய்த்தேன், துணிசோப்புப் போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன். எரிந்ததே தவிர நிறம் போகவில்லை.

முதலில் பார்த்தவர் சித்தப்பா. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “உப்புப் போட்டியா? சோடாப் போட்டியா? ரெண்டும் இல்லாம கறுப்பு எப்பிடிக் கண்ணு ஏறும்?” என்று தொழில் முறையில் விளக்கம் வேறு சொன்னார். அம்மா வந்து நின்றதும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது, பொடி அவருடையதாயிற்றே. அம்மா என்னைக் கையால் அடித்தாள், சித்தப்பாவை வாயால் அடித்தாள். “என்ற புள்ள கலரே போச்சே” என்று அவள் வைத்த ஒப்பாரியில் கீழே கம்பெனி வாட்ச்மேன் மேலே ஓடிவந்துவிட்டார்.

திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்தபோது டீச்சர் என்னைப் பார்த்துச் சாக்பீஸைக் கீழே போட்டார். “என்னட்டி கோலம் இது? தென்னாப்பிரிக்காவைக் கேட்டா கிருஷ்ணன்லா வந்து நிக்கான்!” வகுப்பு சிரித்த சிரிப்பு பக்கத்து வகுப்புக்கும் பரவியது. வேஷம் மாறவில்லை. பூங்கொடி மட்டும் சிரிக்கவில்லை. இடைவேளையில் தண்ணீர்க் குழாயடிக்கு வந்து, என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “கறுப்பாகறதுக்கா புள்ள இத்தன பாடு? கேட்டிருந்தா என்றதையே குடுத்திருப்பனே” என்றாள். திமிரைப் பார், வேஷம் கிடைத்ததும் எப்படிப் பேசுகிறாள் என்று கையை உதறிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆண்டு விழா அன்றைக்கும் நீலம் முழுதாகப் போயிருக்கவில்லை. அதன்மேல் டப்பா டப்பாவாக முகப்பவுடர் அடித்ததில் நான் சாம்பல் நிறத்தில் ஒரு வெள்ளைக்காரியாக மேடையேறினேன். எக்ஸ்போர்ட்டுக்கு ஆகாது என்று கழித்துவிட்ட டி-ஷர்ட்டுகளை நடிக்கிற எல்லோருக்கும் அப்பாதான் இனாமாகக் கொடுத்திருந்தார், அதனால் முன்வரிசையில் அப்பாவும் அம்மாவும். பெஞ்சுக் காட்சி வந்தது. நான் பூங்கொடியின் கையைப் பிடித்து நாடகத்துக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இழுத்தேன். அவள் விழவில்லை. பெஞ்சை இன்னொரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். ஒத்திகையில் ஒரு நாளும் அவள் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு வசனம் மறந்துபோயிற்று. வசனம் இல்லாத குறையை ஈடுகட்ட நான் இன்னும் பலமாக இழுத்தேன். “அட, அந்தப் புள்ளைய உடு, உக்காந்துட்டுப் போவுது!” என்று கூட்டத்திலிருந்து ஒரு பெண் கத்தினாள். பழகிய குரலாக இருக்கிறதே என்று பார்த்தால், அது என் அம்மா.

கடைசிக் காட்சியில் எங்கள் வீட்டு வேஸ்ட் அவள் தலையில் நரைமுடியாகத் தொங்க, கோலை ஊன்றிக்கொண்டு பூங்கொடி ஓட்டு வரிசையில் வந்து நின்றாள். இப்போதும் சொல்கிறேன், அந்த முடி எனக்கு இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும். சீட்டைப் பெட்டியில் போட்டதும் அவள் அழவில்லை, சிரிக்கவில்லை, காலைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டு அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். விசில் பறந்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விசும்பினாள். நான் பாரத மாதாவாக நின்ற வருடங்களில் அம்மா ஒரு சொட்டுக்கூட விட்டதில்லை. அப்பா மேடையேறி, நடித்த பிள்ளைகள் எல்லோரும் சனிக்கிழமை வீட்டுக்கு வரவேண்டும் என்று மைக்கில் அழைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலையில் எல்லோரும் வந்தார்கள். மாடி அறையில் பாய் விரித்து, போண்டா சுட்டு வைத்திருந்தாள் அம்மா. பூங்கொடி கடைசியாகத்தான் படியேறி வந்தாள், நிலைக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு அங்கேயே நின்றாள். அம்மா ஓடிப்போய் அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். என்னைத் தாண்டி, என் எதிரிலேயே. இரண்டு கன்னத்தையும் வழித்து நெட்டி முறித்து, “என்ன மாதிரி நடிச்சே கண்ணு! ராத்திரி எனக்குத் தூக்கமே வல்ல போ” என்றாள். என் வயிறு பற்றி எரிந்தது. அவள் கன்னத்திலிருந்து கையை எடுக்காமலேயே அம்மா கேட்டாள்:

“உங்க ஊடு எந்தப் பக்கம் சாமி?”

“பம்புசெட்டுத் தாண்டி, காலனிங்க.”

அம்மாவுக்கு அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்திருக்கவேண்டும். கையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் வரவில்லை. வந்தபோது தட்டு நிறைய டீ இருந்தது. எங்கள் எல்லோருக்கும் வழக்கமான எவர்சில்வர் டம்ளர். தட்டின் ஓரத்தில், தனியாக, ஒரு பேப்பர் கப். அதை எனக்கு நன்றாகத் தெரியும். அத்தை மகள் கல்யாணத்தில் மிஞ்சியது, சுற்றிலும் ரோஜாப்பூப் போட்டது. விளையாட ஒன்று கொடு என்று நான் எத்தனையோ தடவை கேட்டும், விசேஷத்துக்கு வேண்டும் என்று அம்மா அலமாரியில் பூட்டி வைத்திருந்தாள். அந்தக் கட்டைப் பிரித்து, புத்தம் புதுக் கப் ஒன்றை எடுத்து, பூங்கொடிக்கு. பூங்கொடிக்கு மட்டும். எனக்கோ நசுங்கின டம்ளர்.

“எனக்கும் அந்தக் கப்புத்தான் வேணும்” என்றேன்.

“உனக்கு எதுக்கு அது? பேசாம டம்ளர்ல குடி” என்றாள் அம்மா. என் முகத்தையும் பார்க்கவில்லை, பூங்கொடி முகத்தையும் பார்க்கவில்லை.

நான் விடவில்லை. என் வீட்டில், என் அம்மா, எனக்குத் தராததை நேற்று வந்தவளுக்குத் தருகிறாள். வேஷமும் அவளுக்கு, விசிலும் அவளுக்கு, கப்பும் அவளுக்கா? காலை உதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தேன். பூங்கொடி கையிலிருந்த கப்பைப் பார்த்தாள், பிறகு மற்றவர்கள் கையிலிருந்த டம்ளர்களை ஒன்றொன்றாகப் பார்த்தாள். பெருமை பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் கப்பை என் பக்கம் நீட்டினாள். “இந்தா புள்ள, நீ இதுல குடி. நான் உன்ற டம்ளர்ல குடிச்சுக்கறேன்” என்றாள். அந்த நிமிடத்தில் அவள்மேல் இருந்த கோபமெல்லாம் எனக்குப் போய்விட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் டம்ளரை அவளிடம் நீட்டினேன்.

அம்மா பாய்ந்து வந்து அதைப் பிடுங்கினாள். டீ என் பாவாடையெல்லாம் கொட்டியது. மற்ற பிள்ளைகள் போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். பூங்கொடி கப்பைப் பாயின் ஓரத்தில் மெதுவாக, ஒரு சொட்டுச் சிந்தாமல் வைத்தாள். “எங்கம்மா தேடுமுங்க” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். அப்பா என்னவோ சொல்ல வாயெடுத்தார், பிறகு கீழே மெஷின் சத்தம் கேட்கிறதென்று போய்விட்டார். அது சனிக்கிழமை, எல்லா மெஷினும்தான் ஓடிக்கொண்டிருந்தன.

எல்லோரும் போன பிறகு அம்மா கப்பை இரண்டு விரலால் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பூங்கொடி ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை, புதுசுதான், கழுவி எனக்குத் தா என்று பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு போனேன். அம்மா அதை டீயோடு சேர்த்து வேஸ்ட் மூட்டைக்குள் போட்டுவிட்டுக் கையைக் கழுவினாள். அவளுக்குக் கொடுத்ததை எனக்குத் தருவதைவிடக் குப்பையில் போடுவது மேல் என்று நினைக்கும் அளவுக்கு அம்மாவுக்கு ஓரவஞ்சனை வந்துவிட்டதே என்று அன்றைக்கு நான் சாப்பிடவே இல்லை. அம்மாவும் சரியாகச் சாப்பிடவில்லை. பூங்கொடி போய்விட்ட வருத்தம் என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பள்ளியில் நேராக அவளிடம் போனேன். மனதில் வைத்துக்கொண்டு இருக்க எனக்குத் தெரியாது. “எங்கம்மாவுக்கு என்னையவிட உன்னையத்தான் புடிக்குது. உனக்கு இப்ப சந்தோசம்தானே?” என்று கேட்டேன்.

பூங்கொடி என் முகத்தையே பார்த்தாள். நான் கேலி பேசுகிறேனா என்று தேடியிருக்கிறாள் என்று இப்போது தோன்றுகிறது. அப்படி ஒன்றும் கிடைக்காமல், “உனக்கு நெசமாவே ஒண்ணும் தெரியாதா?” என்று கேட்டாள்.

எனக்கு எல்லாம் தெரியும் என்றேன். தென்னாப்பிரிக்கப் பாடத்தில் வகுப்பிலேயே நான்தான் முதல் மதிப்பெண்.